ஃபியூஸ் மேல் இருக்கும் எண்ணும் எழுத்தும்: வாசகர் கேள்வி - பதில்

ஃபியூஸின் ஆம்பியர், வோல்ட் அளவுகள் பற்றி வாசகர்கள் கேட்டவற்றுக்கு இந்த முறை பதில். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: டி.வி.யின் பவர் சப்ளை போர்டில் கண்ணாடி ஃபியூஸ் போய்விட்டது. அதன் உலோக மூடியில் 'டி 3.15 ஏ எல் 250 வி' என்று பொறித்திருக்கிறது. கடையில் 'எஃப் 3.15 ஏ' தருகிறார்கள். அதுவும் போனால் 5 ஆம்பியர் போடுங்கள் என்கிறார்கள். எதைப் போடலாம்? (வாசகர், திண்டுக்கல்)

பதில்: இரண்டும் வேண்டாம். எண் ஒன்றாக இருந்தாலும் முன்னால் உள்ள எழுத்து வேறு. 'டி' நிதானமாக உருகும் ரகம், 'எஃப்' சட்டென்று போகும் ரகம். எழுதியிருக்கும் மதிப்பைப் போல் 10 மடங்கு கரண்ட் பாய்ந்தால் 'எஃப்' 20 மில்லிசெகண்டுக்குள் அறுந்தாக வேண்டும். அதே 10 மடங்கை 'டி' குறைந்தது 20 மில்லிசெகண்ட் தாங்கி, 300 மில்லிசெகண்டுக்குள் அறுந்தால் போதும்.

டி.வி.க்கு இந்தத் தாமதம் அவசியம். சுவிட்சைப் போடும் நொடியில் போர்டிலுள்ள பெரிய கெப்பாசிட்டர் காலியாக இருக்கிறது. 230 வோல்ட் ஏ.சி.யின் உச்சம் 325 வோல்ட். வழியில் தொடக்கக் கரண்டை மட்டுப்படுத்த 5 ஓம் தெர்மிஸ்டர் ஒன்று இருந்தாலும் கணக்குப்படி 65 ஆம்பியர் வரை, ஒரு சில மில்லிசெகண்டுக்கு, உள்ளே பாயலாம். 'எஃப்' போட்டால் அன்றைக்கே போகும் என்றில்லை. ஒவ்வொரு முறை சுவிட்ச் போடும்போதும் உள்ளிருக்கும் கம்பி கொஞ்சம் கொஞ்சமாகச் சோர்ந்து, வேறு எந்தப் பழுதும் இல்லாமலே ஒருநாள் அறுந்துவிடும். மெக்கானிக் வந்து போர்டு முழுக்கத் தேடுவார்.

5 ஆம்பியர் ஏன் கூடாது? 3.15 ஆம்பியர் ஃபியூஸ் 3.2 ஆம்பியரில் போய்விடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஐ.இ.சி. என்ற சர்வதேச மின் தரப்படி செய்த இந்த ரகம் 1.5 மடங்கு கரண்டை, அதாவது 4.7 ஆம்பியரை, ஒரு மணி நேரமாவது தாங்கியாக வேண்டும். 5 ஆம்பியர் போட்டால் அந்த அளவு 7.5 ஆகிறது. ஃபியூஸ் சும்மா இருக்கும், போர்டில் ஓடும் மெல்லிய தாமிரத் தடம் கருகும். (3.15 என்ற விநோத எண் எங்கிருந்து வந்தது என்றும் சிலர் கேட்டிருக்கிறார்கள். 1, 1.25, 1.6, 2, 2.5, 3.15, 4, 5, 6.3 என்று ஏறத்தாழ ஒரே விகிதத்தில் ஏறும் வரிசையில் அது ஓர் எண், அவ்வளவுதான்.)

அடுத்த எழுத்துதான் யாரும் பார்க்காதது. 'எல்' என்றால் இந்த ஃபியூஸ் பத்திரமாக அறுக்கக்கூடிய கரண்ட் 35 ஆம்பியர் அல்லது மதிப்பைப் போல் 10 மடங்கு, இரண்டில் எது அதிகமோ அது. உங்களுடையதற்கு 35 ஆம்பியர். 'இ' இருந்தால் 150 ஆம்பியர், 'எச்' இருந்தால் 1500 ஆம்பியர். அதற்கு மேல் ஷார்ட் கரண்ட் வந்தால் கம்பி உருகும், ஆனால் பொறி அணையாது, கண்ணாடி வெடிக்கலாம். 'எச்' ரகம் பெரும்பாலும் வெள்ளைப் பீங்கான் குழாயில், உள்ளே மணல் நிரப்பி வரும். 'எல்' இருந்த இடத்தில் அதே ஆம்பியர், அதே 'டி' உள்ள 'எச்' போடலாம். 'எச்' இருந்த இடத்தில் கண்ணாடி 'எல்' போடவே கூடாது.

புது ஃபியூஸ் போடுவதற்கு முன் பழையதைப் பாருங்கள். கண்ணாடிக்குள் கறுப்போ வெள்ளிப் பூச்சு போன்ற பளபளப்போ படிந்திருந்தால் போர்டில் ஷார்ட் இருக்கிறது. பிளக்கைக் கழற்றி, கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரால் இறக்கி, மீட்டரில் வோல்ட் இல்லை என்று பார்த்த பிறகு வேரிஸ்டர் (திடீர் வோல்ட் ஏற்றத்தை விழுங்குவது), பிரிட்ஜ் (ஏ.சி.யை டி.சி.யாக்குவது), மெயின் மாஸ்ஃபெட் (வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் டிரான்சிஸ்டர்) மூன்றையும் சோதியுங்கள். முதன்முறை ஆன் செய்யும்போது ஃபியூஸுக்கு வரிசையில் ஒரு 60 வாட் குண்டு பல்பை இணைத்துக்கொள்வது நல்லது. பல்பு ஒரு மின்னலுக்குப் பின் மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் நின்றால் ஷார்ட் இன்னும் போகவில்லை.

கேள்வி: அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்ப்ளிஃபயரில் 4 ஆம்பியர் ஃபியூஸ். இங்கே கிடைக்கும் 4 ஆம்பியர் போடலாமா? (வாசகர், வேலூர்)

பதில்: எண் ஒன்று, அர்த்தம் வேறு. அமெரிக்க யூ.எல். தர ஃபியூஸ் 135 சதவீதத்தில் ஒரு மணி நேரத்துக்குள் போயாக வேண்டும். ஐ.இ.சி. ரகமோ 150 சதவீதத்தில் ஒரு மணி நேரம் தாங்க வேண்டும். ஆகவே இங்குள்ள 4 ஆம்பியர் அங்குள்ள 4 ஆம்பியரைவிடத் தாராளம். யூ.எல். முத்திரை உள்ளதையே தேடி வாங்குங்கள். அகப்படவில்லை என்றால் 3.15 ஆம்பியர் 'டி' போட்டுப் பாருங்கள், நிற்கும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: 60 வோல்ட் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரில் கார் ஃபியூஸ் (30 ஆம்பியர், பச்சை) போட்டிருக்கிறார்கள். ஆம்பியர் சரிதானே, வோல்ட் எதற்குப் பார்க்க வேண்டும்? (வாசகர், கோவை)

பதில்: ஃபியூஸ் நன்றாக இருக்கும்வரை அதற்கு வோல்ட் தெரியாது. அதன் இரு முனைக்கும் இடையே மிகக் குறைந்த வோல்ட்தான் விழும். அறுந்த கணத்தில்தான் நிலைமை மாறுகிறது: பேட்டரியின் முழு வோல்ட்டும் அந்த மில்லிமீட்டர் இடைவெளியின் மேல் வந்து உட்காருகிறது. உருகிய உலோக ஆவி வழியே பொறி பாய்கிறது. ஆம்பியர் எண் எப்போது அறுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. அறுந்த பின் அறுந்தபடியே நிற்குமா என்பதைச் சொல்வது வோல்ட் எண்.

ஏ.சி.யில் கரண்ட் நொடிக்கு 100 முறை பூஜ்யத்தைத் தொடும், பொறி தானாக அணைய வாய்ப்பு கிடைக்கும். பேட்டரியின் டி.சி.யில் அந்த வாய்ப்பே இல்லை. வண்டிகளில் வரும் சாதாரண பிளேடு ஃபியூஸின் தலையில் 32 வி என்று பொடி எழுத்தில் இருக்கும். 12, 24 வோல்ட் வண்டிக்கு அது போதும். உங்கள் ஸ்கூட்டரில் ஐந்து லெட் ஆசிட் பேட்டரி இருந்தால் சார்ஜ் ஏறி முடியும்போது ஒவ்வொன்றும் 14.4 வோல்ட், மொத்தம் 72. அதாவது ஃபியூஸ் தாங்கும் அளவைவிட இரண்டு மடங்குக்கும் மேல். ஷார்ட் ஆனால் பிளாஸ்டிக் உருகி, பொறி ஹோல்டரையும் சேர்த்துத் தின்னும். 58 வோல்ட் பிளேடு ஃபியூஸும் கடையில் உண்டு, அதுவும் உங்களுக்குப் போதாது. 80 வோல்ட் டி.சி. அல்லது அதற்கு மேல் என்று அச்சிட்டதை வாங்குங்கள். 48 வோல்ட் லித்தியம் வண்டி வைத்திருப்பவர்கள் 58 வோல்ட் ரகம் போடுவதற்கு முன் தங்கள் பேட்டரியின் முழுச் சார்ஜ் வோல்ட்டைப் பார்க்கட்டும். 13 செல் வரிசை என்றால் 54.6 வரும், சரி. 16 செல் இரும்பு பாஸ்பேட் என்றால் 58.4, எல்லையைத் தாண்டிவிடும்.

பெட்டியில் வெறுமனே '250 வி' என்றிருந்தால் அது ஏ.சி. என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். டி.சி. அளவு தனியாக எழுதியிருக்க வேண்டும், அது பெரும்பாலும் குறைவாகவே இருக்கும். ஃபியூஸ் இருக்க வேண்டிய இடம் பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டி. கன்ட்ரோலர் பக்கத்தில் வைத்தால் நடுவில் ஓடும் வயருக்குக் காவல் இல்லை.

கேள்வி: அப்படியானால் 250 வோல்ட் ஃபியூஸை 12 வோல்ட் சர்க்யூட்டில் போடலாமா? (வாசகர், கரூர்)

பதில்: தாராளமாக. வோல்ட் எண் உச்சவரம்பு, அதற்குக் கீழே எதுவும் சரி. மில்லி ஆம்பியர் ஃபியூஸில் மட்டும் கவனம். 100 மில்லி ஆம்பியர் ஃபியூஸுக்குள் இருக்கும் கம்பி மிக மெல்லியது, முழு லோடில் அதிலேயே ஒரு வோல்ட் அளவுக்கு விழுந்துவிடும். 230-ல் அது தெரியாது. 5 வோல்ட் சர்க்யூட்டில் அது பெரிய இழப்பு.

கேள்வி: பீங்கான் கிட்-கேட் ஃபியூஸில் 415 வி, 16 ஏ என்று இருக்கிறது. வீட்டில் 230 வோல்ட்தான். எந்தக் கம்பி கட்டினால் எத்தனை ஆம்பியர்? வயரிலிருந்து ஓர் இழை உருவிக் கட்டுவது தப்பா? (வாசகர்கள், மதுரை, நாகர்கோவில்)

பதில்: 415 என்பது த்ரீ ஃபேஸுக்கும் ஆகும் என்ற பொருளில், வீட்டுக்குப் பிரச்சினை இல்லை. 16 என்பது கட்டையின் தாங்கு திறன். ஃபியூஸ் எத்தனை ஆம்பியர் என்பதை நீங்கள் கட்டும் கம்பிதான் முடிவு செய்கிறது. ஈயம் பூசிய தாமிரக் கம்பிக்கு அளவு இது: 5 ஆம்பியருக்கு 0.20 மி.மீ. தடிமன், 10-க்கு 0.35, 15-க்கு 0.50, 20-க்கு 0.60, 30-க்கு 0.85.

உருவிய இழை பற்றி: 0.75 சதுர மி.மீ. ஃபிளெக்சிபிள் வயரில் 0.2 மி.மீ. இழை 24 இருக்கும். ஒற்றை இழை ஏறத்தாழ 5 ஆம்பியர் ஃபியூஸ் வேலையைச் செய்யும், லைட், ஃபேன் சர்க்யூட்டுக்கு அவசரத்துக்கு ஆகும். ஆனால் யாரும் ஓர் இழையோடு நிற்பதில்லை. இரண்டு முறுக்குவார்கள், அது போனால் நான்கு. முறுக்கிய இழைகள் ஒன்றையொன்று சூடாக்குவதால் இரண்டு இழை சரியாக இரண்டு மடங்கும் ஆகாது, எத்தனை ஆம்பியரில் போகும் என்று கட்டியவருக்கே தெரியாது. 8 ரூபாய் மிச்சம் பிடிக்க இது வேண்டாம்.

இன்னொன்று. 15 ஆம்பியர் கம்பி 15-ல் உருகாது. 0.5 மி.மீ. தாமிரக் கம்பி உருக ஏறத்தாழ 28 ஆம்பியர் வேண்டும், அதாவது இரட்டிப்புக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவு நேரமும் சுவருக்குள் இருக்கும் வயர் சூடாகிக்கொண்டிருக்கும். அதனால்தான் கிட்-கேட் ஃபியூஸுக்குப் பின்னால் போகும் வயரை ஒரு படி தடிமனாக எடுக்கச் சொல்வது. கணக்கு: ஃபியூஸ் ஆம்பியரை 0.725-ஆல் வகுங்கள். 15 வகுத்தல் 0.725, சுமார் 21. பைப்புக்குள் ஓடும் 1.5 சதுர மி.மீ. தாமிர வயர் 17.5 ஆம்பியர்தான் தாங்கும், 2.5 சதுர மி.மீ. 24 தாங்கும். ஆக 15 ஆம்பியர் கிட்-கேட்டுக்கு 2.5 வேண்டும். எம்.சி.பி. (ஓவர்லோடில் தானாக விழும் சுவிட்ச்) 1.45 மடங்கில் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்துவிடும் என்பதால் அங்கே இந்தத் தண்டனை இல்லை. வயரிங் மாற்றும் வாய்ப்பு வந்தால் எம்.சி.பி.க்கே போய்விடுங்கள்.

கட்டும்போது: மெயினை அணையுங்கள். கம்பியை ஸ்குருவைச் சுற்றி வலம்புரியாக ஒரு சுற்று, இறுக்கும்போது உள்ளே இழுத்துக்கொள்ளும். விறைப்பாக இழுத்துக் கட்டாமல் சற்றே தளர்வாக விடுங்கள். பல்லால் கடித்தோ கட்டிங் பிளேயரால் நசுக்கியோ தழும்பு விழுந்த கம்பி அந்த இடத்தில் மெலிந்து, குறைந்த லோடிலேயே போகும்.

கேள்வி: நியூட்ரலிலும் ஃபியூஸ் போட்டால் கூடுதல் பாதுகாப்புதானே? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: இல்லை, ஆபத்து. நியூட்ரல் ஃபியூஸ் மட்டும் போனால் லைட் எரியாது, கரண்ட் இல்லை என்று நினைத்துக் கை வைப்பீர்கள். லைன் உள்ளே உயிரோடு இருக்கும். எர்த் செய்த நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் வைக்க விதியும் இடம் தரவில்லை. பழைய வீட்டில் நியூட்ரல் பக்கமும் கட்டை இருந்தால் அதில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் தடித்த தாமிர இணைப்பு போடச் சொல்லுங்கள். ஷாக் பயம் என்றால் அதற்கு 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே அணைக்கும் சுவிட்ச்) தனி, எந்த ஃபியூஸும் ஆளைக் காப்பாற்றும் வேகத்தில் போகாது.

கேள்வி: மாடியில் 540 வாட் சோலார் பேனல், பத்துப் பத்தாக மூன்று வரிசை. டி.சி. பெட்டியில் ஒரு ஃபியூஸ் ஹோல்டர் கருகிவிட்டது. எலெக்ட்ரீஷியன் அதே அளவுக் குப்பியில் வேறு ஃபியூஸ் போட்டிருக்கிறார். சரியா? (வாசகர், ஈரோடு)

பதில்: அந்த 'அதே அளவு'தான் கண்ணி. சோலார் ஃபியூஸ் பெரும்பாலும் 10 மி.மீ. விட்டம், 38 மி.மீ. நீளம். பேனல் போர்டில் போடும் சாதாரண 500 வோல்ட் ஏ.சி. ஃபியூஸும் அதே 10-க்கு 38. ஹோல்டரில் அழகாக உட்காரும். உங்கள் வரிசை ஒன்றில் பத்துப் பேனல், ஒவ்வொன்றும் திறந்த சுற்றில், அதாவது லோடு இல்லாதபோது, கிட்டத்தட்ட 50 வோல்ட். மொத்தம் 500 வோல்ட் டி.சி., குளிர்ந்த காலையில் அதற்கும் மேல். ஏ.சி. ஃபியூஸ் அங்கே அறுந்தால் பொறி நிற்காமல் எரியும். கழற்றி எழுத்தைப் படியுங்கள்: சோலார் ரகத்தின் குறியான 'ஜி.பி.வி.' என்றும், 1000 வோல்ட் டி.சி. என்றும் இருக்க வேண்டும்.

ஆம்பியர் கணக்கு பேனலின் ஷார்ட் சர்க்யூட் கரண்டிலிருந்து தொடங்குகிறது. 540 வாட் பேனலுக்கு அது 13.9 ஆம்பியர் அளவு. அதன் 1.5 மடங்கு 20.9. அதற்கு மேல் கிடைக்கும் அளவு 25. பேனலின் பின்பக்க லேபிளில் அதிகபட்ச சீரீஸ் ஃபியூஸ் என்று ஓர் எண் இருக்கும், இந்த ரகத்துக்குப் பெரும்பாலும் 25. அதைத் தாண்டக் கூடாது.

சோலாரில் ஒரு விசித்திரம் உண்டு. வெயிலில் வேலை செய்யும் கரண்ட் 13 ஆம்பியர் என்றால் முழு ஷார்ட்டிலும் 14-தான். அதனால் ஒரு வரிசை தானே ஷார்ட் ஆனால் அதன் கரண்டால் அந்த ஃபியூஸ் போகவே போகாது. ஃபியூஸ் எதற்கு என்றால், பழுதான வரிசைக்குள் மற்ற இரண்டு வரிசைகளின் கரண்ட் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்க. இரண்டே வரிசை இருந்தால் பின்னோக்கி வரக்கூடியது ஒரு வரிசையின் கரண்ட் மட்டும், பொதுவாக ஃபியூஸ் தேவையில்லை. மூன்றிலிருந்து தேவை.

ஹோல்டர் கருகியதற்குக் காரணம் அநேகமாக ஃபியூஸ் இல்லை, தளர்ந்த ஸ்குரு அல்லது வெயிலில் லோடு ஓடும்போதே ஹோல்டரைத் திறந்தது. முதலில் இன்வெர்ட்டரை நிறுத்தி, டி.சி. ஐசொலேட்டரை அணைத்து, கிளாம்ப் மீட்டரில் கரண்ட் பூஜ்யம் என்று பார்த்த பின்தான் ஹோல்டரைத் தொட வேண்டும். கருகிய ஹோல்டரைத் துடைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

கேள்வி: 5 எச்.பி. த்ரீ ஃபேஸ் மோட்டார் 8 ஆம்பியர் எடுக்கிறது. ஸ்டார்ட்டர் பெட்டிக்காரர் 25 ஆம்பியர் எச்.ஆர்.சி. (பெரிய ஷார்ட் கரண்டையும் அறுக்கும்) ஃபியூஸ் போட்டிருக்கிறார். மோட்டார் எரிந்துவிடாதா? (வாசகர், பொள்ளாச்சி)

பதில்: 25 சரிதான். நேரடியாகக் கிளப்பும்போது மோட்டார் ஓரிரு நொடிக்கு ஆறு மடங்கு, அதாவது 48 ஆம்பியர் வரை இழுக்கும். 10 ஆம்பியர் ஃபியூஸ் போட்டால் தினமும் மாற்றிக்கொண்டிருப்பீர்கள். அந்த ஃபியூஸின் வேலை கேபிளையும் ஸ்டார்ட்டரையும் ஷார்ட்டிலிருந்து காப்பது. மோட்டாரைக் காப்பது ஓவர்லோடு ரிலே, அதை மோட்டார் தகட்டில் உள்ள ஆம்பியருக்கு வையுங்கள். எரிந்துபோகும் மோட்டார்களில் பல எரிவது வேறு காரணத்தால்: மூன்றில் ஒரு ஃபியூஸ் மட்டும் போய், மீதி இரண்டு ஃபேஸில் மோட்டார் முனகிக்கொண்டே ஓடுகிறது. சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் இல்லாமல் பம்ப் ஓட்டாதீர்கள். ஒரு ஃபியூஸ் போனால் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள். மற்ற இரண்டும் பாதி வெந்திருக்கும்.

கேள்வி: 13 ஆம்பியர் சதுரக் கால் பிளக்குக்குள் 13 ஆம்பியர் ஃபியூஸ்தான் வருகிறது. மேசை மின்விசிறிக்கும் அதுவே போதுமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: மாற்றிவிடுங்கள். 700 வாட் வரையான சாதனத்துக்குச் சிவப்பு அச்சுள்ள 3 ஆம்பியர், அதற்கு மேல் பழுப்பு அச்சுள்ள 13 ஆம்பியர். 13 ஆம்பியர் ஃபியூஸ் 20 ஆம்பியரைக்கூட அரை மணி நேரம் தாங்கும். விசிறியின் மெல்லிய வயர் அதற்கு முன் இளகிவிடும். 2000 வாட் கேத்தலுக்கு 8.7 ஆம்பியர், அங்கே 13-ஐ விட்டுவையுங்கள். இந்த ஃபியூஸ் 25.4 மி.மீ. நீளம், 6000 ஆம்பியர் ஷார்ட்டை அறுக்கக்கூடியது. கண்ணாடி ஃபியூஸை இடையில் திணித்துப் பொருத்த வேண்டாம், வெள்ளித்தாள் சுற்றுவதைச் சொல்லவே வேண்டியதில்லை.

கேள்வி: மல்டிமீட்டரின் 10 ஆம்பியர் ஃபியூஸ் போய்விட்டது. அசல் ஃபியூஸ் விலை மீட்டர் விலையில் பாதி! கண்ணாடி ஃபியூஸ் போடலாமா? (வாசகர், சேலம்)

பதில்: நல்ல மீட்டரில் வருவது 11 ஆம்பியர், 1000 வோல்ட், மணல் நிரப்பியது, 20,000 ஆம்பியர் வரை அறுக்கும். விலை அதற்குத்தான். 10 ஆம்பியர் 'எல்' கண்ணாடி ஃபியூஸ் அறுக்கக்கூடியது 100 ஆம்பியர். சிவப்பு புரோபை ஆம்பியர் துளையிலேயே விட்டுவிட்டு மெயின் போர்டில் வோல்ட் பார்ப்பதுதான் இந்த ஃபியூஸ் போகும் வழக்கமான காரணம். அப்போது பாயும் கரண்ட் ஆயிரக்கணக்கில் இருக்கலாம், மீட்டர் உங்கள் கையில் இருக்கும். கண்ணாடி ஃபியூஸ் போட்டே தீருவீர்கள் என்றால் அந்த மீட்டரை இனி பேட்டரி வேலைக்கும் சின்ன எலெக்ட்ரானிக்ஸுக்கும் மட்டும் வைத்துக்கொண்டு, பெட்டியின் மேல் பேனாவால் எழுதி வையுங்கள்.

கேள்வி: மைக்ரோவேவ் அவனுக்குள் 5 கே.வி., 0.8 ஏ என்று ஒரு ஃபியூஸ். கிடைக்கவில்லை. 1 ஆம்பியர் கண்ணாடி போட்டால்? (வாசகர், சென்னை)

பதில்: கூடாது. அந்தச் சுற்றில் 2000 வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது. 20 மி.மீ. கண்ணாடிக் குழாய் அறுந்த பின்னும் பொறி ஒரு முனையிலிருந்து மறு முனைக்குத் தாவும். அந்த ஃபியூஸ் சும்மா போவதும் இல்லை, மேக்னெட்ரான், டயோடு, கெப்பாசிட்டர் மூன்றில் ஒன்று ஷார்ட் ஆகியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அந்தக் கெப்பாசிட்டர் ஆளைக் கொல்லும். இது பழகியவர் திறக்க வேண்டிய பெட்டி.

கேள்வி: போன ஃபியூஸைப் பார்த்தே காரணம் சொல்ல முடியுமா? (வாசகர், திருச்சி)

பதில்: கண்ணாடி ரகத்தில் பெருமளவு முடியும். உள்ளே கறுத்தோ வெள்ளிப் பூச்சு போலவோ இருந்தால் ஷார்ட். கண்ணாடி தெளிவாக இருந்து, கம்பி நடுவில் ஒரே இடத்தில் அறுந்து நுனிகள் குமிழாக இருந்தால் நீண்ட நேர ஓவர்லோடு அல்லது சோர்வு. புதுசு போட்டு லோடை அளந்து பாருங்கள். கம்பி நன்றாக இருக்க, மூடி ஓரம் பழுப்பேறி, ஈயம் உருகி வழிந்திருந்தால் பழுது ஃபியூஸில் இல்லை. ஹோல்டர் கிளிப் தளர்ந்து, அந்தத் தொடர்பில் சூடாகியிருக்கிறது. ஹோல்டரை மாற்றாமல் ஃபியூஸை மட்டும் மாற்றினால் மறுபடியும் போகும். பீங்கான் ரகத்தில் எதுவும் தெரியாது, மீட்டரில் கன்டினியூட்டி பார்த்துத்தான் சொல்ல வேண்டும். அதுவும் ஃபியூஸை வெளியே எடுத்த பிறகு. சர்க்யூட்டில் இருக்கும்போது பார்த்தால் வேறு வழியாகச் சுற்றி வந்து மீட்டர் 'பீப்' அடிக்கும்.